நானல்ல என்றவள்

தன் அக்குளில் தானே விரலை வைத்துக் கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறவளை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் வேண்டுமானால் செய்து பாருங்கள், யாரும் பார்க்கவில்லை. வராது. சுவரைச் சொறிந்த மாதிரி இருக்கும். அவளுக்கு வந்தது.

அவள் எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி. பெயரைச் சொல்ல மாட்டேன். அவள் பேத்திக்கு இப்போது வரன் பார்க்கிறார்கள். மூளையில் நோவு இருந்த குடும்பம் என்று எழுத்தில் வந்துவிட்டால் வருகிறவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் பதில் சொல்லாமல் போய்விடுவார்கள். சர்க்கரை நோய் என்று எழுதினால் மட்டும் 'அட, எங்க வூட்லயும் இருக்குதுங்க' என்று உறவு கொண்டாடுவார்கள். மூளையும் கணையம் மாதிரி ஓர் உறுப்புதான், உச்சியில் உட்கார்ந்திருப்பதால் அதற்கு மட்டும் இத்தனை கௌரவம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிற வானம் பார்த்த பூமி. கிணற்றில் தண்ணீர் இருந்தவர்கள் அப்போதுதான் மல்பெரிச் செடி நட்டுப் பட்டுப்புழு வளர்க்க ஆரம்பித்திருந்தார்கள். அவள் தளிப் பக்கத்துப் பெண். வீட்டில் பேசுவது கன்னடம். அந்தப் பக்கம் புழு வளர்ப்பது பழைய தொழில் என்பதால், என் மாமியார் நிறத்தைப் பார்க்கவில்லை, நகையைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துப் பெண் எடுத்தார். கை ஏமாற்றவில்லை. புழுக் கொட்டகையில் அவள் நுழைந்தால் புழுக்களே தலையைத் தூக்கிப் பார்க்கும் என்று நான் கேலி செய்வேன்.

அந்தக் கொட்டகையில்தான் நான் முதன்முதலில் அவளைக் கிச்சுகிச்சு மூட்டினேன். புதுப் பெண், பேச மாட்டேன் என்கிறாள், வேறென்ன செய்வது? மதியத்தில் தழை நறுக்கிப் போட்டுவிட்டு இருவரும் சாக்கு விரித்துப் படுத்திருந்தோம். இடுப்பில் ஒரு விரல் வைத்தேன், துள்ளி விழுந்தாள். நான் களைத்துப் போய், இனி நீயே மூட்டிக்கொள் என்று அவள் கையை எடுத்து அவள் அக்குளிலேயே வைத்துவிட்டேன். விளையாட்டுக்குத்தான். அவள் விரல் அசைந்தது, அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நெளிந்தாள், விடுங்கக்கா விடுங்கக்கா என்றாள். நான் என் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கு எங்கள் தெருவில் இருந்த பெண்கள் எல்லாரும் தங்கள் அக்குளைத் தாங்களே தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்கும் வரவில்லை. தளிப் பக்கத்துப் பெண்களுக்குத் தோல் மெலிது என்று முடிவு செய்தோம்.

அவளிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. எதைச் செய்தாலும் தான் செய்யவில்லை என்பாள். வாசலில் கோலம் போடுவாள், எழுந்து நின்று யார் போட்டது இவ்வளவு அழகாக என்று பார்ப்பாள், மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு உள்ளே போவாள். தான் வைத்த ரசத்தைத் தானே குடித்துவிட்டு, யார் வைத்தது என்று என்னைக் கேட்பாள். நீதானே என்றால் 'நானல்ல' என்பாள். அவர்கள் கன்னடத்தில் அது சாதாரணப் பேச்சு, நான் இல்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் அப்படிப் பேசுகிறவர்கள் கூத்தில் வேஷம் கட்டுகிறவர்கள்தான். அதனால் அவள் வாயைத் திறந்தாலே எங்களுக்கு ஒரு மரியாதை வந்துவிடும்.

ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. வேறு வழியில்லை, எங்கள் ஊர் அப்படிப்பட்ட ஊர். அரசாங்கம் கட்டிய தண்ணீர்த் தொட்டியில் தன் பெயரை எழுதிக்கொண்ட தலைவர் இருந்தார். கடையில் வாங்கிய முறுக்கைச் சம்படத்தில் அடுக்கி, தான் சுட்டதாகச் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள். மழை பெய்தால்கூட, நேற்றே நான் சொன்னேனே என்கிற என் வீட்டுக்காரர் இருந்தார். இப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தி வந்து, தான் செய்ததையே தான் செய்யவில்லை என்றால் கும்பிடாமல் என்ன செய்வார்கள்? 'அந்தப் பொண்ணப் பாத்து அடக்கத்தக் கத்துக்கங்கடி' என்று மாமியார்கள் தங்கள் மருமகள்களை ஏசினார்கள். எனக்கும் அந்த ஏச்சு விழுந்தது. வாங்கிக்கொண்டேன்.

இதில் மிகவும் பூரித்துப் போனவர் என் மாமியார்தான், அத்தை என்றுதான் நான் கூப்பிடுவேன். அவள் நானல்ல என்று சொல்லி முடிப்பதற்குள் அத்தை 'நான்தான்' என்று சொல்லிவிடுவார். அவ்வளவு பொருத்தம் இரண்டு பேருக்கும். பட்டு வளர்ச்சி ஆபீசர் ஜீப்பில் வந்து, சந்திரிகை நிறையப் பூத்திருக்கும் கூடுகளைப் பார்த்துவிட்டு யார் கைம்மா இது என்று கேட்பார். சந்திரிகை என்றால் பழுத்த புழு கூடு கட்டுவதற்காக வைக்கிற வட்ட மூங்கில் தட்டி. கேட்ட உடனே அத்தை முந்தானையைச் சரி செய்துகொண்டு முன்னால் வருவார். அடுத்த ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அத்தை வகுப்பு எடுத்திருக்கிறார். அத்தைக்குப் புழுவைத் தொட்டால் உடம்பு கூசும். அது ஆபீசருக்குத் தெரியாது.

ஒரு மாசி மாதத்தில் அவள் சிரிக்காமல் ஒன்று சொன்னாள். தழை தூவிக்கொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, என் கைக்குள்ள வேற யாரோ கைய வுட்டுத் தழ தூவறாங்க."

நான் சிரித்தேன். எனக்குச் சிரிக்கத்தான் தெரியும். அவள் சிரிக்கவில்லை. பேச்சும் கேட்கிறது என்றாள். புழு பெரிதானபின் தழை தின்கிற சத்தம், ஓலைக் கூரையில் மழை விழுகிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு குரல் பேசுகிறதாம். 'இப்ப எந்திரிக்கறா பாரு, இப்பத் தண்ணி குடிக்கறா பாரு' என்று, அவள் செய்வதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லுகிறதாம், நடுநடுவே திட்டுகிறதாம். எந்த மொழியில் என்று கேட்டேன். பாதி கன்னடம், பாதி தமிழ் என்றாள். அவள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உதடு மூடியிருந்தது. தொண்டை மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. புழுத் தட்டைத் தொட மாட்டேன் என்றாள். தன் கையால் எடுத்துச் சாப்பிட மாட்டேன் என்றாள், அது தன் கையா என்று சந்தேகமாக இருந்ததாம். குளிக்காமல், தலை வாராமல், கொட்டகை மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். வருஷக்கணக்காக அடக்கம் என்று கொண்டாடிய ஊர் ஒரே வாரத்தில் கிறுக்கு என்று மாற்றிக்கொண்டது. அடக்கம் வேலை செய்தவரைக்கும்தான் அடக்கம். வேலை நின்ற பிறகு அதற்கு வேறு பெயர்.

அத்தை வைத்தியத்தில் குறை வைக்கவில்லை. வேப்பிலை அடித்தாகிவிட்டது. வத்தல்மலையிலிருந்து ஒருவர் வேர்க் கஷாயம் கொண்டுவந்தார், அவள் குடித்து வாந்தி எடுத்தாள். மூளைக் கோளாறுக்கு மூளையே மருந்து என்று யாரோ சொல்ல, சந்தை அன்று காரிமங்கலத்துக்கு ஆட்டு மூளை வாங்கப் போனோம். கறிக்கடை பாய்க்கு எங்களை நன்றாகத் தெரியும். எதற்கு என்று கேட்டார், அத்தை மறைக்காமல் சொன்னார். பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"மூளையத் தின்னா மூளை வருமாங்கம்மா? வந்தா எங்கூட்ல எல்லாரும் கலெக்டர் ஆயிருப்பாங்க. என் மச்சானுக்கும் இதே நோவுதான். தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு வாரத்துல ஒரு நாள் இதுக்குன்னே டாக்டர் வராரு. கூட்டிக்கிட்டுப் போங்க."

அத்தை மூளையையும் வாங்கிக்கொண்டார், யோசனையையும் வாங்கிக்கொண்டார். மூளையை மிளகு போட்டு வறுத்தோம். அவள் தொடவில்லை. என் வீட்டுக்காரர் சாப்பிட்டார். அவரிடமும் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அத்தை, நான், அவள், அவள் புருஷன் நாலு பேரும் போனோம். என் கொழுந்தன் நல்லவன், வாய் மட்டும் கிடையாது. பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்னால் வந்தான். டாக்டர் சின்ன வயசுக்காரர். அவளிடம் கேட்டார், அவள் புருஷனிடம் கேட்டார், சொந்தத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். அவள் தாய்மாமன் ஒருவர், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற புளியமரத்தோடு நாளெல்லாம் சண்டை போடுவாராம், கடைசியில் அதன் அடியிலேயே கட்டிப் போட்டு வைத்திருந்தார்களாம். அவள் சொல்லி எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெண் பார்த்தபோது அந்த மரத்தடியில்தான் எங்களுக்குப் பாய் போட்டிருந்தார்கள்.

அத்தை முகம் கடுத்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டார் போல. சில குடும்பங்களில் இது கொஞ்சம் வழிவழியாக வரும், வந்தே தீரும் என்று கிடையாது, யார் செய்த பாவமும் இல்லை, பேயும் இல்லை என்றார். மனச்சிதைவு என்று பெயர் சொன்னார். மூளையில் ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்ல ஒரு சாறு ஊறுகிறதாம். அந்தச் சாறு சில இடங்களில் அதிகமாக வேலை செய்தால், ஒன்றுமில்லாத சத்தம்கூட நம்மைக் குறிவைத்து வருகிற மாதிரி பெரிதாகத் தெரியுமாம். அதைக் கொஞ்சம் அடக்கி வைப்பதற்குத்தான் மாத்திரை என்றார்.

நான் சும்மா இருக்க மாட்டாமல் கிச்சுகிச்சு விஷயத்தைச் சொன்னேன். அத்தை என் தொடையில் கிள்ளினார். டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அவளைச் செய்து காட்டச் சொன்னார், அவள் செய்தாள், அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. டாக்டர் சட்டைக்கு மேலே தன் அக்குளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வரவில்லை.

"இத நான் எந்தப் புஸ்தகத்துலயும் படிச்சதில்லைங்க" என்றார். "ஆனா ஒரு யோசனை சொல்றாங்க. ஒத்தக் கண்ணப் பொத்திக்கிட்டு, இன்னொரு கண்ண வெளி ஓரத்துல வெரலால மெல்லத் தள்ளிப் பாருங்க."

அத்தை தள்ளினார். ஆஸ்பத்திரியே ஆடுது என்றார்.

"இப்ப வெரலு வேண்டாம். கண்ண மட்டும் நீங்களா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்க. ஆடுதா?"

ஆடவில்லை. ஏன் என்று டாக்டர் சொன்னார். கண்ணைத் திருப்பு என்று மூளை உத்தரவு போடுகிறபோதே, அந்த உத்தரவில் ஒரு நகல் எடுத்து இன்னொரு பக்கத்துக்கும் அனுப்பிவிடுகிறதாம், இது நம்ம வேலைதான், மிரளாதே என்று. விரலால் தள்ளினால் அந்த நகல் போகாது, அதனால் உலகமே ஆடுகிற மாதிரி இருக்கும். நம் கை நமக்குக் கூசாததும் அதனால்தானாம். மனசுக்குள் நினைப்பதுகூடச் சத்தமில்லாத பேச்சுதான். இவளுக்கு அந்த நகல் சரியாகப் போய்ச் சேரவில்லையோ என்னவோ, அதனால் தன் கை வேறொருவர் கையாகவும், தன் நினைப்பு வேறொருவர் பேச்சாகவும் படுகிறதோ என்னவோ என்றார். முழுதாக யாருக்கும் தெரியாது, ஆராய்ச்சி செய்கிறவர்கள் இப்படி நினைக்கிறார்கள் என்று இரண்டு தடவை சொன்னார். அந்த இரண்டு தடவையும் அத்தை கண்ணைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணை விட்டபிறகு ஒரு கேள்வி கேட்டார். "அப்ப அந்தச் சேதி கொண்டுபோறவன் தூங்கிட்டானுங்களா?"

டாக்டருக்கு வெளியே அவ்வளவு கூட்டம். "அப்படியே வெச்சுக்குங்கம்மா" என்றார்.

"அவனுக்குப் பதிலா நாங்க சொல்லிட்டா?"

"சொல்லுங்க, நல்லதுதான். மாத்திரைய மட்டும் வுட்றாதீங்க" என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்தால், ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் வரிசையாக உட்கார்ந்து தன் தன் கண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது. கண் டாக்டர் அந்தக் கட்டடத்தில் இல்லை என்று ஆயாம்மா எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் ஏறும்போதே அத்தை வேலையைத் தொடங்கிவிட்டார். இது உன் காலு, நீதான் படி ஏறுன. இது உன் கை, நீதான் கம்பியப் புடிச்ச. கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்த பிறகும் நிற்கவில்லை. நீதான் தண்ணி சேந்துன, நீதான் தும்முன, அந்த நெனப்பு உன் நெனப்புதான் என்று நாள் முழுக்க அறிவிப்பு. ஏற்கெனவே அவள் தலைக்குள் ஒன்று இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. வெளியிலும் ஒன்று சேர்ந்துகொண்டது. ஆனால் வெளியில் இருந்தது கடைசியில் 'நீதான்' என்று முடித்தது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அத்தைக்குக் கஷ்டம் எங்கே வந்தது என்றால் புழுவில்தான். மற்றதெல்லாம் சொல்ல வந்தது. 'இந்தப் புழு நீ வளத்தது' என்று சொல்ல மட்டும் வாய் எழவில்லை. முதல் நாள் தட்டு முன்னால் நின்று தொண்டையைச் செருமி, புழு தானா வளந்துது என்றார். இன்னொரு நாள், சாமி வளத்துது என்றார். ஆபீசர் வந்த அன்றைக்கு, அவள் பக்கத்திலேயே நின்றதால், அவளும் நானும் என்றார். அதற்கே அன்று இராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தையை நீங்கள் திருந்திவிட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற வழியிலேயே கம்பைநல்லூர்க்காரர் ஒருவரிடம் சேதி சொல்லிவிட்டுத்தான் வந்தார். மருமகளுக்கு மாத்திரை, மகனுக்கு இன்னொரு பெண். எது முதலில் பலிக்கிறதோ அது. இந்த அறுப்புக் கூடு விற்றதும் இவளைத் தளியில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று சில வாரம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னார். என்னிடம் மட்டும் சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாதா?

அன்று சாயந்திரமே அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு அடைக்கும். அவள் அதற்குள் கொஞ்சம் தெளிந்திருந்தாள். மாத்திரை அவளை மரப்பாச்சி மாதிரி ஆக்கியிருந்தது, கை நடுங்கியது, கடைவாயில் எச்சில் வழிந்தது, அதற்கு ஒரு மாத்திரை தனியாகக் கொடுத்திருந்தார்கள். பேச்சுச் சத்தம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, ரேடியோவப் பக்கத்து வூட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாப்பல இருக்குதுக்கா என்றிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த தழையைக் கீழே வைத்தாள்.

"அங்க என்னக்கா இருக்குது எனக்கு? புளியமரந்தான் இருக்குது."

எனக்கு அதற்கு மேல் கேலி வரவில்லை.

கம்பைநல்லூரிலிருந்து, அத்தை பார்த்திருந்த புதுப் பெண்ணின் தாய்மாமன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வந்தார். கடலை வியாபாரி, நல்ல உடம்பு. சின்ன மகனுடைய மனைவிக்குத் தன்னினைவே கிடையாது, அடுப்புப் பற்ற வைக்கக்கூடத் தெரியாது, மூலையில் கிடக்கிறாள் என்று அத்தை அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் போகிறவரைக்கும் கொட்டகையை விட்டு வரக் கூடாது என்று இவளுக்கு உத்தரவு.

சமையல் நான். இதை நான் விவரமாகச் சொல்லவேண்டும். விடிகாலையில் சேவலைத் துரத்திப் பிடித்தது நான். மயிர் பொசுக்கினது நான். மிளகாயும் மல்லியும் வறுத்து, தேங்காயோடு அம்மியில் மை மாதிரி அரைத்து, விறகு ஈரமாகப் போய்ப் புகையில் கண் சிவந்து, குழம்பு கொதித்து மேலே எண்ணெய் பிரிகிறவரைக்கும் பக்கத்தை விட்டு நகராமல் நின்றது நான். களி கிளறினதும் நான். அப்படி ஒரு குழம்பு என் ஆயுளில் நான் மறுபடியும் வைக்கவில்லை.

மாமன்காரர் இலை முன் உட்கார்ந்தார். பக்கத்தில் என் கொழுந்தன், தலையைத் தூக்காமல். ஒரு வாய் களியைக் குழம்பில் முக்கி விழுங்கியவர், கண்ணை மூடித் திறந்தார்.

"யாருங்க வெச்சது இந்தக் கொழம்பு?"

அத்தை முந்தானையைச் சரி செய்தார். அந்தக் கேள்விக்கு அவருக்குப் பதில் தயாராக இருக்கும். நானும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தேன். அப்போது கொட்டகைப் பக்கத்துக் கதவு வழியாக அவள் வந்தாள். தலை வாரியிருந்தாள். நடை விறைப்பாக இருந்தது, கையில் இருந்த தண்ணீர்ச் சொம்பு நடுங்கியது.

"நான்தாங்க வெச்சன். இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

வயிறு எரிந்தது எனக்கு. பொய் சொல்ல மாட்டேன், முதலில் எரிந்தது வயிறுதான். அத்தை அவளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். இத்தனை நாளாக நீதான், நீதான் என்று அவள் காதில் ஓதினவர் அவர். இப்போது நீயில்லை என்று அவர் வாயால் எப்படிச் சொல்வது? நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார். என் கையில் மசாலா வாசம் போகவில்லை, முகத்தில் கரி. சொன்னால் நம்புவார்.

"ஆமாங்க, அவதான் வெச்சா. நான் வெறகு தள்ளிவுட்டதோட சரி" என்றேன்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாரும்மா?"

"சின்ன மருமவளுங்க."

மாமன்காரர் அத்தை பக்கம் திரும்பினார். அடுப்புப் பத்தவெக்கக்கூடத் தெரியாதுன்னு சொன்னீங்களே என்றார். அத்தை எதையோ இழுத்தார். அப்போதுதான் என் கொழுந்தன் இலையிலிருந்து தலையைத் தூக்கினான். அந்த வீட்டில் அவன் பேசினதாக எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

"நல்லாத்தாங்க இருக்கறா. எனக்கு இவ போதும்."

 மாமன்காரர் குழம்பை மறுபடியும் ஊற்றச் சொல்லி, இலையை வழித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார். கை கழுவிக்கொண்டே, ஒரு பொண்ணு சோறு போடற வூட்டுக்கு இன்னொரு பொண்ணக் குடுக்க எங்களுக்கு மனசு வராதுங்க என்றார். வெற்றிலையைத் தொடாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அத்தை அந்த வெற்றிலைத் தட்டை எடுத்து உள்ளே வைத்தார். நான் கொட்டகைக்குப் போனேன். அவள் வழக்கம்போலத் தழை தூவிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் வாயாலேயே கேட்க வேண்டும் போல இருந்தது.

"ஏன்டி, நெசமாலுமே அந்தக் கொழம்பு யாரு வெச்சது?"

அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியலக்கா. நல்லா இருந்துது. அதனால நான்தான்னு நெனச்சன்."

அவள் தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்பதை இத்தனை வருஷத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மாத்திரை இன்றைக்கும் நிற்கவில்லை. நடுவில் தானாக நிறுத்திவிட்டு மறுபடியும் மூலையில் போய் உட்கார்ந்ததும் உண்டு, மறுபடியும் தர்மபுரி பஸ் ஏறினதும் உண்டு. குழந்தைகள் பிறந்தன, பேத்தியும் வந்துவிட்டாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்து வந்த ஆஸ்பத்திரி நாளைச் சொல்ல வேண்டும். அத்தை வர மாட்டார் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் கிளம்பினோம். பஸ் நிறுத்தத்தில் எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றுகொண்டிருந்தார். எப்படி இருக்கிறாள் என்று டாக்டர் கேட்டதும் எங்களை முந்திக்கொண்டு சொன்னார்.

"தேவலைங்க. மொதல்ல அவ செஞ்சத யாரோ செஞ்சாங்கன்னா. இப்ப யாரோ செஞ்சதத் தான் செஞ்சன்னு சொல்றா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நோய் வேறு பக்கம் திரும்பிவிட்டதோ என்று பயந்துவிட்டார். இது எப்போதிலிருந்து, எத்தனை தடவை, வேறென்ன சொல்கிறாள் என்று அடுக்கினார்.

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுல பயப்படறதுக்கு என்னங்க இருக்குது? எங்கூர்ல எல்லாருமே அப்படித்தான். இவ இப்பத்தான் எங்கூட்டுப் பொண்ணு ஆயிருக்கறா. நீங்க மாத்திரைய எழுதுங்க."

டாக்டர் எழுதினார்.